நோட்டேஷன் மென்பொருளுக்கு ஆர்கெஸ்ட்ரா ஒலி: எதை எதோடு சேர்த்தால் உருப்படும்?

இசைக்குறிப்பு எழுதும் நோட்டேஷன் மென்பொருளில், ஸ்கோரில் நாலு பார் ஸ்ட்ரிங்ஸ் எழுதி, மேலே ஒரு ஸ்லர் (சுரங்களை இணைக்கும் வளைகோடு), கீழே ஒரு கிரெஷெண்டோ (சத்தத்தைக் கூட்டச் சொல்லும் குறி) போட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். பின்னால் 600 ஜிபி சாம்பிள் லைப்ரரி, அதாவது நிஜ வாத்தியங்களைப் பதிந்த ஒலித்தொகுப்பு, இருந்தும் அது ஒரே மட்டத்தில் இழுத்துக்கொண்டு போகலாம். சுமார் ஒரு ஜிபி மட்டுமே உள்ள இன்னொன்று அதே நாலு பாரை மூச்சு விட்டு வாசிக்கலாம். ஸ்கோரில் உள்ள குறியைப் படித்து, சாம்பிளுக்குப் புரிகிற மிடி (மின்னணு வாத்தியங்களின் பொது மொழி) கட்டளையாக மாற்றித் தரும் வேலையை யார் செய்கிறார்கள், எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இந்த வித்தியாசம் வருகிறது. ஆகவே இங்கே மூன்று வழிகளையும் அந்த ஒரு கோணத்தில்தான் அளந்திருக்கிறோம்: நோட்பெர்ஃபார்மர், மியூஸ்ஸ்கோரின் மியூஸ் சவுண்ட்ஸ், டோரிக்கோ என்ற நோட்டேஷன் மென்பொருளோடு ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி.

முதலில் எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிடலாம். மிடியில் ஒரு சுரத்தின் வெலாசிட்டி, அதாவது அதை அடிக்கும் பலம், 1 முதல் 127 வரை, சுரம் தொடங்கும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு தடவை போகும். பியானோவுக்கும் பிட்சிக்காட்டோவுக்கும் (தந்தியை விரலால் சுண்டுவது) அது போதும். வயலின் நாலு பீட் நீளச் சுரத்தை மெதுவாகத் தொடங்கிப் பலமாக முடிக்க வேண்டுமென்றால், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்ந்து மாறும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பெரும்பாலான லைப்ரரிகளில் அது சிசி 1 (மிடியின் எண்ணிட்ட கட்டுப்பாடுகளைத்தான் சிசி என்பார்கள்), அதாவது மாடுலேஷன் வீல். மெதுவாக வாசித்துப் பதிந்த சாம்பிள் அடுக்கிலிருந்து பலமாக வாசித்துப் பதிந்த அடுக்குக்கு அது நகர்த்தும், ஒலியின் நிறமே மாறும். சிசி 11 அப்படியல்ல. வெறும் சத்தத்தைத்தான் கூட்டிக் குறைக்கும். சிசி 7 மிக்சர் அளவு, அதை வாசிப்புக்குத் தொடக்கூடாது. வியன்னா சிம்பனிக் லைப்ரரியின் பழைய பிளேயரில் இந்த அடுக்கு மாற்றம் சிசி 2-இல் இருந்தது, புதிய சின்க்ரான் பிளேயரில் சிசி 1. இதைக் கவனிக்காமல் பழைய கட்டுப்பாட்டு எண்கள் உள்ள மேப்பைப் புதிய பிளேயருக்குப் போட்டால் ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஒரே மெஸோ-ஃபோர்ட்டேயில் உறைந்து நிற்கும்.

நோட்பெர்ஃபார்மர்

ஸ்வீடனின் வாலண்டர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. சிபேலியஸ், டோரிக்கோ, ஃபினாலே என்ற நோட்டேஷன் மென்பொருள்கள் மூன்றிலும் ஓடும், மியூஸ்ஸ்கோரில் ஓடாது. நிறுவிய பிறகு செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றும் இல்லை. டோரிக்கோவில் பிளேபேக் டெம்ப்ளேட்டை மாற்றினால் முடிந்தது, சிபேலியஸில் பிளேபேக் கான்ஃபிகரேஷனை மாற்றினால் முடிந்தது.

இதன் சூட்சுமம் முன்வாசிப்பு. ஒலிக்க வேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ ஒரு நொடி முன்னதாகவே ஸ்கோரைப் படித்துவிடும். அடுத்து வருவது நீளச் சுரமா, ஓட்டமா, ஸ்லர் எங்கே முடிகிறது, ஃபிரேஸ் எங்கே இறங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் இந்தச் சுரத்தை எப்படித் தொடங்குவது என்று முடிவு செய்கிறது. மனித வாசிப்பாளரும் கண்ணை இரண்டு பீட் முன்னால் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார். சாதாரண சாம்பிள் பிளேயருக்கு அந்தக் கண் கிடையாது. சுரம் வந்து விழுந்த பிறகுதான் அதற்கு விஷயமே தெரியும்.

அந்த ஒரு நொடிக்கு விலையும் உண்டு. பிளே அழுத்தியதும் சற்றுத் தயங்கித்தான் ஒலி தொடங்கும். இன்னொரு விஎஸ்டி (மென்பொருளுக்குள் ஏற்றும் பிளகின்) லைப்ரரியை அதே ஸ்கோரில் கலக்கும்போது, பிளகின் தாமதத்தை ஈடுசெய்யாத மென்பொருளாக இருந்தால் மற்ற வாத்தியங்கள் ஒரு நொடி முந்திக்கொண்டு ஓடும். கலக்கும் எண்ணம் இருந்தால் முழு ஸ்கோரையும் எழுதிவிட்டுப் பார்க்காதீர்கள். முதல் பாரிலேயே எல்லா வாத்தியத்துக்கும் ஒரு கால் சுரம் எழுதி, ஒன்றாக விழுகிறதா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஒலித்தரம்? தனித்துக் கேட்டால் சோலோ வயலின் மெலிந்து, கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது. பிராஸ் சுமார். ஆனால் நாற்பது வாத்தியம் சேர்ந்து ஒலிக்கும்போது சமநிலை வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கிறது. ஃபோர்ட்டேயில் டிரம்பெட் வந்தால் தாழ்ந்த ஸ்தாயி ஃப்ளூட் மறைந்துபோகிறது, நிஜத்திலும் அப்படித்தான் மறையும். எழுதும்போது காதுக்குத் துணையாக வைத்துக்கொள்ள இதைவிட நம்பகமானது இப்போதைக்கு இல்லை.

2023-இல் வந்த நான்காம் பதிப்பு இன்னொரு கதவைத் திறந்தது. பிளேபேக் என்ஜின் என்ற பெயரில், நோட்பெர்ஃபார்மரின் முன்வாசிப்பு மூளையை வெளி லைப்ரரிகள் மேல் உட்கார வைக்கலாம். பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா, ஈஸ்ட்வெஸ்டின் ஹாலிவுட் ஆர்கெஸ்ட்ரா ஓபஸ், சினிமாட்டிக் ஸ்டூடியோ வரிசை போன்றவற்றுக்குத் தனித்தனி என்ஜின்கள் இருக்கின்றன. என்ஜினையும் வாங்க வேண்டும், லைப்ரரியும் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். இந்தக் கூட்டணியில் கணினிக்குச் சுமை ஏறும்: நோட்பெர்ஃபார்மர் தனியாக ஒரு ஜிபியில் முடித்த விஷயம் லைப்ரரி கேட்கும் அளவு நினைவகத்தை எடுத்துக்கொள்ளும், ஸ்கோர் திறக்கும் நேரமும் நீளும். வழக்கமாக எழுதச் சாதாரண நோட்பெர்ஃபார்மர், கடைசி டெமோவுக்கு மட்டும் என்ஜின் என்று பிரித்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

மியூஸ் சவுண்ட்ஸ்

மியூஸ்ஸ்கோர் 4 டிசம்பர் 2022-இல் வந்தபோது அதோடு வந்தது. மென்பொருளும் இலவசம், ஆர்கெஸ்ட்ரா ஒலிகளும் இலவசம். ஒலிகள் மியூஸ்ஹப் என்ற தனிச் செயலி வழியாகத்தான் இறங்கும். ஸ்ட்ரிங்ஸ், உட்விண்ட்ஸ், பிராஸ், பெர்கஷன், கொயர் என்று பிரிந்திருப்பதால் வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரிங்ஸ் நன்றாகவே இருக்கிறது, குறிப்பாக மெதுவான நடையில். ஸ்லர், ஸ்டக்காட்டோ (சுரத்தைக் குட்டையாக வெட்டுவது), பிட்சிக்காட்டோ, ட்ரெமலோ (வில்லை வேகமாக அதிரவைப்பது), ஹேர்பின் (சத்தம் கூடுவதை, குறைவதைக் காட்டும் குறி) எல்லாவற்றையும் ஸ்கோரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அமைப்பு வேலை இல்லை. ஏன் இவ்வளவு சுலபம் என்றால், ஒலியும் மென்பொருளும் ஒரே வீட்டில் செய்தவை. இடையில் மிடி என்ற குறுகிய சந்து இல்லை. அதே காரணத்தால் இந்த ஒலிகளை மியூஸ்ஸ்கோருக்கு வெளியே வேறு ஒலிப்பதிவு மென்பொருளில் வாத்தியமாக ஏற்ற முடியாது. கையில் வருவது முடிந்த ஆடியோ மட்டுமே.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மூன்றாம் பதிப்பில் எழுதிய ஸ்கோரைத் திறந்துவிட்டு, 'ஒலி மாறவே இல்லையே' என்பது. மிக்சரைத் திறந்து, ஒவ்வொரு வாத்தியத்தின் சவுண்ட் பெட்டியிலும் பழைய சவுண்ட்ஃபான்ட்டுக்குப் பதில் மியூஸ் சவுண்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வாத்தியம் நடுவில் வேறு விதமாக ஒலிக்க வேண்டுமென்றால் சவுண்ட் ஃபிளாக் வைக்கலாம்.

மியூஸ்ஸ்கோர் 4 விஎஸ்டி3 பிளகின்களையும் ஏற்கும், விஎஸ்டி2-வை ஏற்காது. ஆனால் வெளி லைப்ரரியை ஏற்றினால் கதை மாறிவிடும். டோரிக்கோவில் உள்ளதுபோல விரிவான எக்ஸ்பிரஷன் மேப் (ஸ்கோர் குறியை லைப்ரரிக்கான கட்டளையாக மாற்றும் பட்டியல்) எழுதும் வசதி இங்கே இல்லை. ஸ்கோரில் பிட்சிக்காட்டோ என்று எழுதினாலும் லைப்ரரி தன் பாட்டுக்கு வில் போட்டே வாசித்துக்கொண்டிருக்கும். கீஸ்விட்ச் சுரத்தை (ஒலிக்காமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றும் சுரம்) ஸ்டாஃபிலேயே எழுதி மறைத்து வைப்பது ஒரு குறுக்கு வழி. இருபது ஸ்டாஃப் ஸ்கோரில் அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது, பிரதி எடுத்துக் கொடுக்கும்போது இடைவெளிகளும் கெட்டுப்போகும். மியூஸ்ஸ்கோர் என்றால் மியூஸ் சவுண்ட்ஸ், அவ்வளவுதான்.

டோரிக்கோவும் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ராவும்

லண்டன் மைதா வேல் ஸ்டூடியோவில், வாசிப்பாளர்கள் அவரவர் இருக்கையில் அமர்ந்த நிலையில் பதிந்த லைப்ரரி இது. டிஸ்கவர், கோர், புரொஃபஷனல் என மூன்று படி. டிஸ்கவர் இலவசம், சுமார் 200 எம்பி. ஸ்ட்ரிங்ஸுக்கு லாங் (நீளச் சுரம்), ஸ்பிக்காட்டோ (வில்லைத் துள்ளவிடும் குட்டைச் சுரம்), பிட்சிக்காட்டோ, ட்ரெமலோ நான்கே. லெகாட்டோ (சுரங்களை ஒட்டி வாசிப்பது) இல்லை, ஸ்லர் போட்டாலும் சுரங்கள் ஒட்டாது. கோரில் லெகாட்டோ முதல் பல ஆர்ட்டிகுலேஷன்கள் (வாசிப்பு முறைகள்) வருகின்றன. புரொஃபஷனலில் கூடுதலாகப் பல மைக்குகளும் பிரிவுத் தலைவர்களின் சோலோ பேட்ச்களும் (ஏற்றி வாசிக்கும் ஒலித் தொகுதிகள்) இருக்கின்றன, அளவு 600 ஜிபியைத் தொடும். நோட்டேஷன் வேலைக்குக் கோர் தாராளம். மைக் கலவையில் மணிக்கணக்கில் உட்காரப் போகிறவர்களுக்குத்தான் புரொஃபஷனல்.

இங்கே இடையில் நின்று மொழிபெயர்ப்பது டோரிக்கோவின் எக்ஸ்பிரஷன் மேப். ஆயத்த மேப்கள் கிடைக்கின்றன. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் முதல் கோளாறிலேயே திண்டாட வேண்டியிருக்கும். வரிசை இப்படி:

பிளே மோடில் விஎஸ்டி பேனலைத் திறந்து, ஒரு வாத்தியத்துக்கு ஒரு பிளேயர் ஏற்றுங்கள். பேட்சைத் தேர்ந்து, தேவையான ஆர்ட்டிகுலேஷன்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இறக்கிவிடுங்கள், நினைவகம் மிச்சமாகும். லைப்ரரி மெனுவில் எக்ஸ்பிரஷன் மேப்ஸ் திறந்து புதிய மேப் ஒன்று தொடங்குங்கள். வால்யூம் டைனமிக் என்ற இடத்தில் கன்ட்ரோல் சேஞ்ச், எண் 1. இரண்டாம் டைனமிக்காக சிசி 11-ஐச் சேர்க்கலாம். அதற்கு முழு 0–127 வீச்சைக் கொடுக்காமல் கீழ் எல்லையை 60-க்கு மேல் வையுங்கள். இல்லாவிட்டால் பியானிஸிமோவில் அடுக்கும் இறங்கி, சத்தமும் இறங்கி, வாத்தியமே காணாமல் போகும்.

அடுத்து ஒவ்வொரு டெக்னிக்குக்கும் ஒரு ஸ்விட்ச். நேச்சுரலுக்கு லாங், லெகாட்டோவுக்கு லெகாட்டோ பேட்ச், ஸ்டக்காட்டோவுக்கு ஸ்பிக்காட்டோ, பிறகு பிட்சிக்காட்டோ, ட்ரெமலோ. குட்டைச் சுரங்களுக்கான ஸ்விட்சில் மட்டும் வால்யூம் டைனமிக்கை நோட் வெலாசிட்டியாக மாற்றுங்கள். பெரும்பாலான லைப்ரரிகளில் குட்டைச் சுரம் வெலாசிட்டியைத்தான் கேட்கும். இந்த ஒரு மாற்றத்தை விட்டுவிடுவதுதான், ஸ்டக்காட்டோ மட்டும் ஏன் ஒரே பலத்தில் விழுகிறது என்ற நிரந்தரக் கேள்விக்குக் காரணம்.

கீஸ்விட்ச் எண்ணில் ஒரு பள்ளம் இருக்கிறது. நடு சி-யை, அதாவது மிடி எண் 60-ஐ, சிலர் சி3 என்கிறார்கள், சிலர் சி4 என்கிறார்கள். டோரிக்கோவின் இயல்பு சி4. பிளேயர் சி3 முறையில் காட்டினால், அது சி-1 என்று சொல்லும் கீஸ்விட்ச் மிடி எண் 12. டோரிக்கோவில் அதே 12-இன் பெயர் சி0. கண்ணை மூடிக்கொண்டு சி-1 என்றே எழுதினால் ஒரு ஆக்டேவ் கீழே போய் எதையும் தொடாது. ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்றால் மற்றதையெல்லாம் நோண்டும் முன் ஒரு ஆக்டேவ் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் யுஏசிசி முறை (ஒவ்வொரு ஆர்ட்டிகுலேஷனுக்கும் ஒரு பொது எண்) இயங்கும் பேட்சாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. சிசி 32-இல் ஒரு எண்ணை அனுப்பினால் போதும்: 1 லாங், 11 ட்ரெமலோ, 20 லெகாட்டோ, 42 ஸ்பிக்காட்டோ, 56 பிட்சிக்காட்டோ.

மேப் முடிந்ததும் எண்ட்பாயிண்ட் (ஒரு வாத்தியம் போய்ச் சேரும் பிளகினும் சேனலும்) அமைப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் அதைப் பொருத்தி, எண்ட்பாயிண்ட் கான்ஃபிகரேஷனாகச் சேமித்து, அதைப் பிளேபேக் டெம்ப்ளேட்டில் முதலிடத்தில் வையுங்கள். இரண்டாமிடத்தில் டோரிக்கோ 5-ஓடு வரும் ஐகானிக்கா ஸ்கெட்ச் அல்லது ஹாலியன் ஒலிகள். லைப்ரரியில் இல்லாத வாத்தியம் ஸ்கோரில் வந்தால் அது தானாகவே இரண்டாமிடத்துக்குப் போய்க்கொள்ளும். இதைச் செய்யாமல் ஒரே ஸ்கோரில் மட்டும் அமைத்தால் அடுத்த ஸ்கோருக்கு எல்லாவற்றையும் மறுபடியும் செய்ய வேண்டும்.

சுரத்தின் நீளம் அடுத்த சிக்கல். ஸ்லர் இல்லாத சுரத்தை டோரிக்கோ எழுதிய நீளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு மட்டும் ஒலிக்க வைக்கும். லெகாட்டோ பேட்சுக்கோ முந்தைய சுரமும் அடுத்த சுரமும் கொஞ்சம் மேல்விழ வேண்டும், இல்லையென்றால் இணைப்பு சாம்பிள் கிளம்பாது. மேப்பில் லெகாட்டோவின் நீளத்தை 105 விழுக்காட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடங்களில் மட்டும் இது இடறக்கூடும். அங்கே ஸ்லரைப் பிரிப்பதே வழி, வில் வாத்தியக்காரரும் அங்கே வில்லைத் திருப்பத்தான் போகிறார்.

இதைவிடப் பிடிவாதமான சிக்கல் தாமதம். நிஜமாக வாசித்த இணைப்பைப் பதிந்த லெகாட்டோ சாம்பிளில், புதிய சுரம் முழுதாகக் காதில் விழச் சற்று நேரமாகும். சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸில் மெதுவான இணைப்புக்கு இது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குவரை போகும். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு பீட்டே அரை நொடிதான். வயலின் பின்தங்க, டிம்பனி நேரத்துக்கு விழ, ஒத்திகைக்கே வராத குழு போலக் கேட்கும். ஒலிப்பதிவு மென்பொருளில் டிராக்கை முன்னால் தள்ளிச் சரிசெய்வார்கள். ஸ்கோரில் ஒரே ஸ்டாஃபில் லெகாட்டோவும் ஸ்பிக்காட்டோவும் மாறி மாறி வருவதால் முழு ஸ்டாஃபையும் தள்ளிப் பயனில்லை. நோட்பெர்ஃபார்மரின் என்ஜின்கள் காசுக்கு நியாயம் செய்வது சரியாக இந்த இடத்தில்தான்: முன்கூட்டியே படிப்பதால் ஒவ்வொரு ஆர்ட்டிகுலேஷனுக்கும் அதற்குரிய அளவு முன்னதாகக் கட்டளை போய்விடுகிறது. என்ஜின் இல்லாதவர்கள் வேகமான ஓட்டங்களுக்கு லெகாட்டோ பேட்சை விட்டுவிட்டு, மேப்பில் சுர நீள நிபந்தனை வைத்து, குட்டைச் சுரங்களை ஸ்பிக்காட்டோவுக்குத் திருப்பலாம்.

ட்ரெமலோவைக் குறித்து ஒரு வரி: மேப்பில் ட்ரெமலோ ஸ்விட்ச் இல்லாவிட்டால் டோரிக்கோ சுரத்தைத் துண்டு துண்டாகத் திரும்ப அடிக்கும், இயந்திரத் துப்பாக்கிச் சத்தம்தான் வரும். ஸ்விட்ச் சேர்த்தால் பதிந்த ட்ரெமலோவை எடுத்துக்கொள்ளும்.

டிவிசி, அதாவது ஒரே பிரிவைப் பல குரலாகப் பிரித்து எழுதுவது, இன்னும் நுட்பமானது. இந்த லைப்ரரியில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8. முதல் வயலினை இரண்டாகப் பிரித்து எழுதினால் மேடையில் எட்டும் எட்டும். சாம்பிளில் பதினாறும் பதினாறும், ஆக 32 பேர். நாலாகப் பிரித்தால் 64. டிவிசி வரும் பத்திகள் தேவையில்லாமல் தடித்துக் கேட்பதற்கு இதுவே காரணம். அந்த இடத்தில் டைனமிக்கை ஒரு படி குறைத்து ஒலிக்க வைக்கலாம், அச்சில் தெரியாதபடி. மேல் குரல் லெகாட்டோவும் கீழ்க் குரல் பிட்சிக்காட்டோவும் என்றால் இன்டிபென்டென்ட் வாய்ஸ் பிளேபேக்கைப் போட்டு இரண்டாம் குரலுக்குத் தனிச் சேனல் கொடுங்கள். ஒரே சேனலில் இரண்டு ஆர்ட்டிகுலேஷன் ஒரே நேரத்தில் நிற்காது.

ரிவெர்பை (அறையின் எதிரொலியை) இரண்டு தடவை போடாதீர்கள். மைதா வேலின் அறை ஒலி சாம்பிளிலேயே இருக்கிறது. டோரிக்கோ மிக்சரில் ரிவெர்ப் சேனலுக்குப் போகும் சென்ட்களை இந்த லைப்ரரிக்கு மூடிவிடுங்கள், மியூஸ்ஸ்கோர் என்றால் ஆக்ஸ் சென்ட்களை. பேன் கட்டுப்பாட்டையும் (ஒலியை இடம்-வலம் நகர்த்துவது) தொடாமல் நடுவில் விடுங்கள். இருக்கை இடம் பதிவிலேயே வந்துவிட்டது. வறண்ட பதிவுகளுக்கு நேர்மாறு, பேனும் ரிவெர்பும் நீங்கள்தான் தர வேண்டும்.

குளோக்கன்ஷ்பீல், செலெஸ்டா, டபுள் பாஸ், பிக்கலோ ஆகியவற்றில் ஆக்டேவைச் சரிபாருங்கள். எழுதிய ஸ்தாயியும் ஒலிக்கும் ஸ்தாயியும் வேறானவை இவை. குளோக்கன்ஷ்பீல் எழுதியதற்கு இரண்டு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். சில லைப்ரரிகள் ஒலிக்கும் சுரத்திலும் சில எழுதும் சுரத்திலும் சாம்பிளை அடுக்குகின்றன.

சிபேலியஸில் இதே வேலையைச் சவுண்ட் செட் என்ற கோப்பும் பிளேபேக் அகராதியும் செய்கின்றன. ஆயத்த சவுண்ட் செட் கிடைக்கும் லைப்ரரியாக இருந்தால் சரி. நாமே எழுதுவது சலிப்பான வேலை. ஓரிரு இடத்துக்கு, அலைக்குறி போட்டு எழுதும் மிடி கட்டளையை மறைத்த உரையாக ஸ்டாஃபில் வைத்தால் போதும். ஃபினாலேயின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனமான மேக்மியூசிக் நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் நகல் ஓடும்வரை நோட்பெர்ஃபார்மரோடு ஓட்டலாம், அதற்காகப் புதிய லைப்ரரி வாங்குவது வீண்.

கணினியைப் பொறுத்தவரை: லைப்ரரி எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டங்களில் சுரம் விழுங்கும். கோர் அளவுக்கு முழு ஆர்கெஸ்ட்ரா ஏற்ற 32 ஜிபி நினைவகம் நிம்மதி தரும், 16-இல் ஆர்ட்டிகுலேஷன்களைக் குறைத்துத் தள்ளலாம். பஃபரை (கணினி ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவு) 512 அல்லது 1024-இல் வையுங்கள். விசைப்பலகையில் நேரடியாக வாசித்துப் பதியும் நேரத்தில் மட்டும் 128-க்கு இறக்குங்கள். கான்டாக்ட் என்ற சாம்பிள் பிளேயர் தேவைப்படும் லைப்ரரி என்றால், அது இலவசப் பிளேயரில் ஓடுமா, முழுப் பதிப்பு வேண்டுமா என்று வாங்கும் முன் பாருங்கள். முழுப் பதிப்பு கேட்பதை இலவசப் பிளேயரில் ஏற்றினால் 15 நிமிடத்தில் வாய் மூடிக்கொள்ளும்.

மூன்று வழியிலும் ஒரு பொதுக் குறை இருக்கிறது, நோட்பெர்ஃபார்மரில் மட்டும் கொஞ்சம் குறைவு. ஓபோ நாற்பது நொடி மூச்சு விடாமல் வாசிக்கும். டிரம்போனால் ஸ்லைடில் எட்ட முடியாத கிளிசாண்டோவும் வழுக்கிக்கொண்டு வரும். மிக்சரில் ஃபேடரை ஏற்றினால் தாழ்ந்த ஃப்ளூட் நாலு ஹார்னைத் தாண்டிக் கேட்கும். ஒத்திகை அறையில் இது எதுவும் நடக்காது. நிஜக் குழுவுக்கு எழுதுகிறவர்கள் வாத்தியங்களுக்கு இடையே ஃபேடர் வித்தியாசம் வைக்காமல், சமநிலையை டைனமிக் குறிகளாலேயே கொண்டுவர வேண்டும். ஃபேடர் இல்லாமல் கேட்காத ஒன்று, மேடையிலும் கேட்காது.

ஏற்றுமதி செய்யும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். லைப்ரரி வட்டிலிருந்து சாம்பிள் இழுத்து வாசிக்கும் வகை என்றால், வேகமான ஏற்றுமதியில் அங்கங்கே சுரம் விடுபடலாம். ஒரு தடவை முழு ஸ்கோரையும் ஓடவிட்டு, சாம்பிள்கள் நினைவகத்துக்கு வந்தபின் ஏற்றுமதி செய்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ஸ்ட்ரிங்ஸ், உட்விண்ட்ஸ், பிராஸ், பெர்கஷன் என்று தனித்தனியாக எடுத்துப் பின்னர் ஒன்றாக அடுக்குங்கள். அப்படிப் பிரித்த கோப்புகளை ஸ்கோரோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது. லைப்ரரி பிளேயரின் அடுத்த பதிப்பு வந்து பழைய மேப் பிடிக்காமல் போனாலும், அந்த ஆடியோ கையில் இருக்கும்.